வயதைப் பார்ப்பதா, வளர்ப்பைப் பார்ப்பதா? - அமெரிக்காவில் பழைய வேகப் படகு வாங்கும் விதம்



விற்பனையில் கிடைக்கும் லாபத்தைவிடக் கொள்முதலில் கிடைக்கும் லாபமே நிலையானது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். துவரம் பருப்பானாலும் மிளகாய் வற்றலானாலும் வாங்கும்போது கண் தவறிவிட்டால், பிறகு எவ்வளவு சாமர்த்தியமாக விற்றாலும் அந்த நஷ்டம் ஈடாகாது. புதுச் சரக்குக்கே இப்படி என்றால், ஒருவர் பல ஆண்டுகள் பயன்படுத்திய பழைய பொருளை வாங்கும்போது எவ்வளவு கவனம் வேண்டும்! பழைய டெம்போ, பழைய குளிர்பெட்டி, பழைய மாவு மில் மோட்டார் என்று நம்மில் வாங்காதவர் யார்? பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நிறுத்தியிருந்ததை நம்பி வாங்கி, ஆறு மாதத்தில் வாங்கிய விலைக்கு மேல் செலவு செய்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரையில் நம் ஊரில் அதிகம் காணக் கிடைக்காத ஒரு பழைய பொருளைப் பற்றிச் சொல்லப் போகிறோம். அமெரிக்காவில், குறிப்பாக ஃபுளோரிடா மாநிலத்தில், வீட்டுக்கு வீடு கார் நிற்பது போலத் தெருவுக்குத் தெரு படகு நிற்கிறது. அவற்றில் மணிக்கு அறுபது மைல், எழுபது மைல் ஓடக்கூடிய வேகப் படகுகளுக்குத் தனி மதிப்பு உண்டு. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் செய்த படகுகள்கூட இன்றும் கைமாறிக் கொண்டிருக்கின்றன.

"மளிகைக் கடைக்காரருக்கும் வேகப் படகுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இரண்டு. ஒன்று, நம் வணிகர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று அந்த நாட்டில் இருக்கிறார்கள். கையில் நாலு காசு சேர்ந்ததும் இப்படிப்பட்ட ஆசை அவர்களுக்கும் வருகிறது. இரண்டு, குறை இத்தனை நன்றாக ஒளிந்துகொள்ளும் பழைய பொருள் வேறெதையும் நாம் கண்டதில்லை. அதை அங்குள்ள விவரமானவர்கள் சோதித்து வாங்கும் முறையில் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. சென்ற குளிர்காலத்தில் நாமும் நமது துணைவியாரும் ஃபுளோரிடாவில் நமது தங்கை மகன் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தோம். அவர் ஒரு பழைய படகு தேடிக்கொண்டிருந்தார். கூடவே போய்ப் பார்த்ததையும் கேட்டறிந்ததையும் இங்கே தருகிறோம்.

இந்தப் படகுகள் வந்த கதை

1960-ல் மயாமி நகரிலிருந்து பஹாமா தீவுகளின் நாசோ துறைமுகம் வரை ஒரு படகுப் பந்தயம் நடந்தது. கடல் மிகவும் கொந்தளிப்பாக இருந்தது. தட்டையான அடிப்பாகம் கொண்ட படகுகள் அலையில் அறைபட்டுத் திணறியபோது, ரே ஹன்ட் என்பவர் வடிவமைத்த, அடிவயிறு முன்னாலிருந்து பின்னால் வரை ஆழமான 'வி' எழுத்துப் போல இருந்த 'மாப்பி' என்ற படகு வென்றது. அந்த வடிவம் அலை மேல் விழுந்து அடிபடாமல் அலையைக் கத்தி போல அறுத்துக்கொண்டு போகிறது. அன்று முதல் வேகப் படகு என்றால் 'டீப் வி' என்றாகிவிட்டது.

அடுத்து வந்தவர் டான் அரனோவ். இவர் நியூஜெர்சியில் கட்டடத் தொழிலில் பணம் சேர்த்துவிட்டு மயாமிக்கு வந்தவர். 1962-ல் 'ஃபார்முலா', 1964-ல் 'டான்ஸி', 1966-ல் 'மேக்னம்', பிறகு 'சிகரெட்' என்று ஒன்றன்பின் ஒன்றாகப் படகுக் கம்பெனிகளைத் தொடங்கினார். ஒன்று பெயர் வாங்கியதும் அதை நல்ல விலைக்கு விற்றுவிட்டு, அதே தெருவில் அடுத்ததைத் தொடங்குவார். வடக்கு மயாமியில் 188-வது தெரு என்பது அந்தத் தெரு. 'தண்டர்போட் ரோ' என்று அதற்குப் பட்டப்பெயர். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த மூத்த ஜார்ஜ் புஷ் வைத்திருந்ததும் ஒரு 'சிகரெட்' படகுதான். அரனோவ் 1987-ல் அந்தத் தெருவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 1984 முதல் 1989 வரை ஒளிபரப்பான 'மயாமி வைஸ்' என்ற தொலைக்காட்சித் தொடரில் வேகப் படகைப் பார்த்து, நாடு முழுவதும் அதற்குக் கிராக்கி ஏறியது. இன்று சந்தைக்கு வரும் பழைய படகுகளில் பெரும்பங்கு அந்த எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் செய்தவையே.

புதிய வேகப் படகு வாங்க நடுத்தர வருமானக்காரரால் ஆகாது. பழையது அதில் ஒரு சிறு பங்கு விலைக்குக் கிடைக்கும். படகின் உடல் கண்ணாடி இழையும் பிசினும் கலந்து வார்த்தது, அது துருப்பிடிக்காது. ஆகவே, நல்லபடியாக வைத்திருந்தால் நாற்பது வயதுப் படகும் ஓடும். வைத்திருக்கவில்லை என்றால் பத்து வயதுப் படகும் குப்பைதான். விலையைத் தீர்மானிப்பது வயது அன்று, வளர்ப்பு. நாம் சொல்ல வருவதும் இந்த ஒன்றைத்தான்.

மேலே பளபளப்பு, உள்ளே ஈரம்

மூட்டையின் வாயைப் பிரித்து மேலே இருப்பதைப் பார்த்து யாரும் கொள்முதல் செய்வதில்லை. நடுவிலும் அடியிலும் குத்தூசி விட்டு மாதிரி எடுத்துத்தான் பார்க்கிறோம். படகுக்கும் அப்படித்தான்.

உடல் கண்ணாடி இழைதான் என்றாலும், பல பழைய படகுகளில் அதற்குள் மரம் இருக்கிறது. எஞ்சினின் பாரத்தையும் தள்ளு விசையையும் தாங்கும் பின்பலகைக்குள் ஒட்டுப்பலகை வைத்து, மேலே கண்ணாடி இழை பூசியிருப்பார்கள். இதை 'டிரான்சம்' என்பார்கள். அடியில் நீளவாட்டில் ஓடும் சட்டங்களிலும் மரம் இருக்கும். இவற்றில் யாராவது ஒரு திருகாணி போட்டு, அந்தத் துளையைச் சரியாக அடைக்காமல் விட்டால், அதன் வழியே சொட்டுச் சொட்டாக நீர் உள்ளே போகும். மரம் உள்ளுக்குள்ளேயே ஊறி, மக்கி, கடைசியில் ஈர மண் போல ஆகிவிடும். வெளியே கண்ணாடி போல மினுமினுக்கும். மெழுகு போட்டுத் தேய்த்தால் புதுப் படகு என்றே தோன்றும்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, சிறிய பிளாஸ்டிக் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்ப்பது. நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கெட்டியான சத்தம் வரும். மக்கிய இடத்தில் 'தொப் தொப்' என்று மங்கிய சத்தம் வரும். தேங்காயைத் தட்டி வாங்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது, ஈரப்பதம் பார்க்கும் மீட்டர். தானியத்துக்கு மீட்டர் வைத்துப் பார்ப்பது போல, படகின் உடலிலும் வைத்துப் பார்க்கிறார்கள்.

பின்பலகை மக்கியிருந்தால் எஞ்சினைக் கழற்றி, பின்பக்கத்தை அறுத்துப் புதிதாகச் செய்ய வேண்டும். அந்தச் செலவு பல சமயம் படகின் விலையையே எட்டிவிடும். அதைத் தெரியாமல் ஓட்டினாலோ, அலையில் அறுபது மைல் வேகத்தில் போகும்போது பின்பக்கம் பிளந்தால் உயிருக்கே ஆபத்து.

எஞ்சின்: உப்பு நீரும் நல்ல நீரும்

இந்தப் படகுகளில் பெரும்பாலும் இருப்பது கார் எஞ்சினின் அண்ணன் தம்பிதான். ஜெனரல் மோட்டார்ஸ் செய்த 5.7 லிட்டர், 7.4 லிட்டர் 'வி-8' பெட்ரோல் எஞ்சின்களை 'மெர்க்குரூஸர்' போன்ற கம்பெனிகள் படகுக்கு ஏற்றபடி மாற்றி விற்றன. ஆனால் கார் எஞ்சின் படும் பாடு வேறு, படகு எஞ்சின் படும் பாடு வேறு. கார் சமதளத்தில் உருண்டு போகும். படகு எந்நேரமும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். முழு லோடு ஏற்றிய லாரி ஓயாமல் மேடு ஏறுவதற்குச் சமம் அது. ஆகவே படகு எஞ்சினின் வயதை மைல் கணக்கில் பார்ப்பதில்லை, ஓடிய மணிக் கணக்கில்தான் பார்க்கிறார்கள்.

ஆனால் மணி குறைவாக இருப்பது மட்டும் நல்ல குணம் ஆகாது. இருபது ஆண்டுகளில் நூறு மணி நேரமே ஓடிய எஞ்சின் என்றால், மற்ற நேரமெல்லாம் ஓடாமல் கிடந்தது என்றே பொருள். ஓடாமல் கிடந்த எஞ்சினில் ரப்பர் காய்ந்து போகும், பெட்ரோல் டாங்கியில் பிசின் படியும். அமெரிக்காவில் பெட்ரோலோடு பத்து சதவீதம் எத்தனால் கலப்பது வழக்கம். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நாள்பட நின்றால் நீர் தனியாகப் பிரிந்து டாங்கியின் அடியில் தங்கிவிடும். ஆண்டுதோறும் அளவாக ஓடி, ஆண்டுதோறும் எண்ணெய் மாற்றப்பட்ட எஞ்சினையே விவரமானவர்கள் தேடுகிறார்கள்.

அடுத்து, அது எந்த நீரில் ஓடியது என்பது. பல படகுகளில் எஞ்சினைக் குளிர்விக்க, மிதக்கும் தண்ணீரையே உறிஞ்சி உள்ளே ஓடவிட்டு வெளியே தள்ளுவார்கள். கடலில் ஓடினால் எஞ்சினுக்குள் ஓடுவது உப்பு நீர். புகை வெளியேறும் இரும்புக் குழாய்களை ('எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு') அந்த உப்பு உள்ளிருந்தே அரித்துவிடும். உப்பு நீரில் ஓடும் படகுக்கு இவற்றைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். மாற்றாமல் ஓட்டை விழுந்தால் நீர் சிலிண்டருக்குள் இறங்கி எஞ்சினையே முடித்துவிடும். ஆகவேதான் மிச்சிகன் போன்ற வட மாநிலங்களின் நன்னீர் ஏரிகளில் ஓடிய படகுக்கு ஃபுளோரிடாவில் கூடுதல் விலை. ஆனால் அங்கேயும் ஒரு கண்டம் உண்டு. குளிர்காலத்துக்கு முன் எஞ்சினிலுள்ள நீரை வடிக்காமல் விட்டால், நீர் உறைந்து பெருத்து இரும்பு பிளாக்கையே பிளந்துவிடும். அந்த வெடிப்பைப் பற்றவைத்துப் பெயிண்ட் அடித்து விற்பவர்களும் இருக்கிறார்கள்.

சோதிப்பவர் ஒவ்வொரு சிலிண்டரிலும் கேஜ் வைத்து அழுத்தம் பார்க்கிறார். எண் எவ்வளவு என்பதைவிட எல்லாச் சிலிண்டரும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கின்றனவா என்பதே முக்கியம். பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் காரணம் தேட வேண்டும். எண்ணெயின் நிறமும் முக்கியம். பால் கலந்த காப்பி போல இருந்தால் அதில் நீர் கலந்திருக்கிறது.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று. காரைவிடப் படகில் பெட்ரோல் ஆவி ஆபத்தானது; அது காற்றைவிடக் கனமாகையால் எஞ்சின் அறையின் அடியில் தங்கிவிடும். ஆகவே படகுக்கென்று செய்த ஸ்டார்ட்டரிலும் ஆல்டர்னேட்டரிலும் தீப்பொறி வெளியே வராது. விலை குறைவு என்று கார்க் கடையில் வாங்கிப் பொருத்திவிடும் உரிமையாளர்கள் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஒரு பொறி போதும், படகு வெடித்துவிடும். கிளப்புவதற்கு முன் நான்கு நிமிடம் 'புளோயர்' விசிறியை ஓட்டி ஆவியை வெளியேற்ற வேண்டும் என்று படகிலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள்.

சிறிய ரப்பர், பெரிய நஷ்டம்

எஞ்சின் படகுக்குள் இருந்தாலும், தண்ணீரைத் தள்ளும் விசிறி வெளியே பின்பலகையில் தொங்கும் ஒரு 'டிரைவ்' பகுதியில் இருக்கிறது. எஞ்சினின் தண்டு பின்பலகை வழியாக வெளியே வரும் இடத்தில், மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும். 'பெல்லோஸ்' என்று பெயர். அந்த இடம் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. உறை கிழிந்தால் படகு கட்டிப்போட்ட இடத்திலேயே மூழ்கும். இதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று விற்பவரைக் கேட்டுப் பாருங்கள். தேதியும் பில்லும் உடனே வந்தால் மற்றவற்றையும் அவர் கவனித்திருப்பார். "அதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்று பதில் வந்தால் எச்சரிக்கை வேண்டும். உதிரிபாகம் இன்று கிடைக்கிறதா என்பதையும் விசாரிக்க வேண்டும். சில பழைய மாடல் டிரைவ்களுக்குப் பாகம் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

காகிதமும் ஒரு சரக்கு

1972 நவம்பருக்குப் பிறகு அமெரிக்காவில் செய்த ஒவ்வொரு படகிலும் 12 எழுத்து கொண்ட ஓர் அடையாள எண் பின்பலகையின் வலதுபுறம் பதித்திருக்க வேண்டும் என்பது சட்டம். முதல் மூன்று எழுத்து செய்த கம்பெனி. கடைசி எண்கள் செய்த மாதத்தையும் ஆண்டையும் சொல்லும். உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். சுரண்டியிருந்தாலோ புதிதாக ஒட்டியது போல இருந்தாலோ திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். பத்திரத்தின் மேல் வங்கிக் கடன் பாக்கி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பணம் கொடுத்தது நாமாகவும், படகைப் பிடித்துக்கொண்டு போவது வங்கியாகவும் ஆகிவிடக் கூடாது.

ஃபுளோரிடாவில் புயல் வேறு. 2022 செப்டம்பரில் வந்த 'இயன்' போன்ற புயல்களுக்குப் பிறகு, மூழ்கி எடுத்த படகுகள் கழுவித் துடைத்து மலிவாகச் சந்தைக்கு வருவதுண்டு. இருக்கைக்கு அடியில் துருக்கோடு, வயர்களின் இடுக்கில் மண் என்று அதற்கு அடையாளம் இருக்கும்.

இரண்டு படகுகள்

நமது தங்கை மகன் பார்த்த முதல் படகு எண்பதுகளின் இறுதியில் செய்த 22 அடிப் படகு. சிவப்பும் வெள்ளையும் கலந்த நிறம், புது இருக்கைகள், மின்னும் விசிறி. விலை 9,500 டாலர். அதே வகைப் படகுகள் 12,000-க்கும் 13,000-க்கும் விலை சொல்லப்பட்ட சமயம் அது. "மாமா, இன்றைக்கே முன்பணம் கொடுத்துவிடுவோம், வேறு ஆள் வந்துவிடுவார்கள்" என்றார். விற்பவரும் அப்படித்தான் அவசரப்படுத்தினார். "மாப்பிள்ளை, சரக்கு நல்லதென்றால் நாளைக்கும் நல்லதாகத்தான் இருக்கும். நாளைக்கு ஆகாத சரக்கு இன்றைக்கும் ஆகாது" என்று சொல்லி, சர்வேயர் ஒருவரை அழைக்கச் செய்தோம்.

அங்கே படகு சர்வேயர் என்பவர் வாங்குபவரின் செலவில் படகைச் சோதித்து எழுத்து மூலம் அறிக்கை கொடுப்பவர். இவர்களுக்கென்று அங்கீகாரம் தரும் சங்கங்கள் உண்டு. விற்பவர் சிபாரிசு செய்யும் ஆளைக் கூப்பிடக் கூடாது. நாமே தேடிப் பிடிக்க வேண்டும். கூலி அடிக் கணக்கு. அடிக்கு 25 டாலர் வீதம் 22 அடிக்கு 550 டாலர் கேட்டார். மருமகனுக்கு அது வீண் செலவாகப் பட்டது.

சர்வேயர் சுத்தியலோடு ஒரு மணி நேரம் படகைச் சுற்றினார். பின்பலகையின் கீழ்ப்பாதியில் 'தொப்' என்ற சத்தம். மீட்டரும் ஈரம் காட்டியது. ஒரு திருகாணியைக் கழற்றச் சொன்னார். துளையிலிருந்து பழுப்பு நிற நீர் கசிந்தது. எஞ்சினில் கார் ஆல்டர்னேட்டர் மாட்டியிருந்தது. பழுது பார்க்க 8,000 டாலருக்குக் குறையாது என்று எழுதிக் கொடுத்தார். மருமகனுக்கு ஏழு வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பிள்ளைகள். அவர்களை உட்கார வைத்து ஓட்டவென்றுதான் அந்தப் படகைத் தேடினார். அறிக்கையை இரண்டு முறை படித்துவிட்டுப் பேசாமல் மடித்து வைத்துக்கொண்டார். 550 டாலர் வீண் செலவு என்று பிறகு அவர் சொல்லவில்லை.

இரண்டாவது படகு 1990-ல் செய்தது. அதுவும் 22 அடி, 5.7 லிட்டர் எஞ்சின், 640 மணி நேரம் ஓடியது. விலை 17,000 டாலர். நிறம் சற்று மங்கல். இருக்கைத் துணி பழையது, ஆனால் கிழிசல் இல்லை. உரிமையாளர் எழுபது கடந்த பெரியவர். மிச்சிகனில் ஏரியில் ஓட்டியதை ஓய்வு பெற்றபின் ஃபுளோரிடாவுக்குக் கொண்டு வந்திருந்தார். முழங்கால் வலியால் இனிப் படகில் ஏறி இறங்க முடியாது என்று விற்கிறார். நாம் உட்கார்ந்ததும் ஒரு தடித்த ஃபைலை மேஜைமேல் வைத்தார். முப்பது ஆண்டுக்கும் மேலான பில்கள் அதில் இருந்தன. எண்ணெய் மாற்றிய தேதி, மணிக் கணக்கு, குளிர்காலத்துக்கு நீர் வடித்த தேதி எல்லாம் ஒரே கையெழுத்தில் வரிசையாக எழுதியிருந்தது. நமது பேரேட்டைப் பார்ப்பது போல இருந்தது. சர்வேயர் கண்ட குறை மூன்று: பெல்லோஸ் மாற்றும் காலம் வந்துவிட்டது, ஒரு ஹோஸ் கசிகிறது, டிரெய்லர் டயர்கள் பழையவை.

தண்ணீரில் ஓட்டிப் பார்த்தல்

அறிக்கை நன்றாக இருந்தாலும் தண்ணீரில் ஓட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. போன உடனே எஞ்சின் மேல் கை வைத்துப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்பத் தகராறு செய்யும் எஞ்சினை விற்பவர் முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கலாம். பெரியவரின் எஞ்சின் குளிர்ந்திருந்தது. சாவி திருப்பியதும் கிளம்பியது. பிறகு முழு வேகத்தில் ஓட்டி, கம்பெனி சொன்ன சுற்று எண்ணிக்கையை எட்டுகிறதா, எண்ணெய் அழுத்தம் நிற்கிறதா, சூடு ஏறுகிறதா என்று பார்த்தார்கள். திரும்பி வந்ததும் எஞ்சின் அறையைத் திறந்து புதிதாக நீரோ எண்ணெயோ கசிந்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்தார்கள்.

ஓட்டுபவரின் உடம்பில் மாட்டிக்கொள்ளும் ஒரு கயிறும் உண்டு. அவர் தூக்கி எறியப்பட்டால் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். 26 அடிக்குக் குறைந்த படகில் இந்த ஸ்விட்ச் இருந்தால், ஓடும்போது அதை மாட்டியே ஆக வேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் அந்நாட்டில் சட்டம். அது வேலை செய்கிறதா என்று நாம் இழுத்துப் பார்க்கச் சொன்னோம். எஞ்சின் உடனே நின்றது.

விலை பேசிய விதம்

குறைகள் மூன்றுக்கும் ஆகும் செலவு 1,200 டாலர் என்று கணக்கிட்டு, அதைக் கழித்து 15,800 என்று கேட்டோம். பெரியவர் ஒப்புக்கொண்டார். மருமகன் நம் காதருகே வந்து, "மாமா, அவர் விற்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறார். இன்னும் இரண்டாயிரம் இறக்கலாமே" என்றார். "வேண்டாம் மாப்பிள்ளை. போன படகில் மலிவாகக் கேட்டவர் மீதியை உன் தலையில் கட்டப் பார்த்தார். இவர் முப்பது வருஷம் தன் கையால் செய்த செலவை உனக்குக் கொடுக்கிறார். அதற்கு விலை உண்டு. குறை இருந்த அளவுக்குக் குறைத்தாயிற்று, குறை இல்லாததற்குக் குறைக்கக் கேட்பது வியாபாரம் இல்லை" என்றோம். அந்த விலைக்கே முடிந்தது. சாவியோடு ஃபைலையும் பெரியவர் கொடுத்தார். "அடுத்த பக்கத்திலிருந்து நீ எழுது" என்று மருமகனிடம் சொன்னதாக நமக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்.

யானையை வாங்கியவர் தீனிக்கும் கணக்குப் போட வேண்டும். பெரிய 7.4 லிட்டர் எஞ்சின் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 25 கேலன், அதாவது ஏறத்தாழ 95 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். சிறிய எஞ்சின் அவ்வளவு குடிக்காது, ஆனாலும் காரைப் போல் அல்ல. நிறுத்தும் வாடகை, இன்சூரன்ஸ், ஆண்டுப் பராமரிப்பு எல்லாம் தனி. பழைய படகுக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகளே சர்வே அறிக்கை கேட்பதுண்டு. வாங்கும் பணம் முழுவதையும் படகிலேயே போட்டுவிடாமல், முதல் ஆண்டுப் பழுதுகளுக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வைப்பது விவேகம்.

சுருக்கமாகச் சில குறிப்புகள்

1. அவசரப்படுத்தும் விற்பனையாளரிடம் அவசரப்படாதீர்கள். சர்வே அறிக்கை சரியாக இருந்தால்தான் வாங்குவோம், இல்லையேல் முன்பணம் திரும்ப வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

2. சோதிப்பவரை நீங்களே நியமியுங்கள். கூலியை நீங்களே கொடுங்கள்.

3. பளபளப்பைப் பிறகு பாருங்கள். முதலில் பின்பலகையும் உட்சட்டங்களும், அடுத்து எஞ்சினும் டிரைவும்.

4. எந்த நீரில் ஓடியது, குளிர்காலத்தில் எப்படி வைத்திருந்தார்கள், கடைசியாக எப்போது ஓடியது என்று கேளுங்கள்.

5. அடையாள எண், உரிமைப் பத்திரம், கடன் பாக்கி மூன்றையும் ஒப்பிடுங்கள்.

6. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிப் பாருங்கள்; முழு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள்.

7. பில் ஃபைல் வைத்திருப்பவருக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தயங்காதீர்கள்.

நம் கடைகளுக்கு வருவோம். டெம்போவோ, தராசோ, குளிர்பெட்டியோ நாமும் ஒரு நாள் விற்கப் போகிறோம். சர்வீஸ் செய்த தேதி, மாற்றிய பாகம், கொடுத்த தொகை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, பில்லைக் கோத்து வைக்க அதிகச் செலவு இல்லை. விற்கும் நாளில் அந்த நோட்டு நமக்காகப் பேசும். வாங்குபவரும் ஏமாறாமல் வாங்குவார். பேரேடு எழுதத் தெரிந்த வணிகருக்கு இது புது வேலை அல்ல. இன்றைக்கே ஒரு நோட்டுப் போடுங்கள்.